அஞ்சாம் மாச ஸ்கேன்ல பாப்பாவோட உதட்ட பாத்து சொன்ன இடம் – 4 ஸ்டார்

இந்த ரிவ்யூ எழுதணும்னு ஒரு வருஷமா நெனச்சுட்டே இருந்தேன், பாப்பாவுக்கு உதட்டுலயும் அண்ணத்துலயும் (வாய்க்குள்ள மேல் பக்கம்) இருந்த பிளவுக்கு ரெண்டாவது ஆபரேஷனும் முடிஞ்சு தையல் ஆறி, ரசம் சாதம் கொழைய பிசைஞ்சு குடுத்தா சாப்பிடற அளவுக்கு வந்தப்புறம்தான் உக்காந்து டைப் பண்ண நேரம் கெடச்சுது. நாங்க கொருக்குப்பேட்டை. இந்த ஸ்கேன் சென்டருக்கு நான் போனது 2023 நவம்பர் கடைசில, அப்போ எனக்கு 22 வாரம். இங்க ரிவ்யூ போட்டவங்க நெறைய பேரு 3டி போட்டோ சூப்பர், ஏசி நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க, தப்பில்ல, ஆனா ஸ்கேன்ல ஏதாவது தெரிஞ்சா அத இவங்க எப்படி சொல்றாங்கன்னு யாரும் எழுதல, அத நான் எழுதறேன்.

மொதல்ல நான் இங்க வரவே இல்ல. வீட்டுக்கு பக்கத்துலயே வேற ஒரு இடத்துல 19வது வாரம் ஸ்கேன் எடுத்தாச்சு, பேரு வேணாம். பத்து நிமிஷம்கூட ஆகல, எல்லாம் நல்லா இருக்கும்மான்னு சொல்லி கவர்ல போட்டு குடுத்துட்டாங்க, நாங்களும் சந்தோஷமா வர்ற வழில ஸ்வீட் வாங்கிட்டு வந்தோம். ரிப்போர்ட்டு ரெண்டு பக்கம் இங்கிலீஷ்ல, வீட்ல யாரும் படிக்கல. அடுத்த செக்கப்புக்கு கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டருக்கு போனப்போ அங்க இருக்கற சிஸ்டர் பிக்மி நம்பர்ல (கர்ப்பிணிங்கள பதிவு பண்ற அரசாங்க நம்பர்) என்ட்ரி போடறதுக்காக ரிப்போர்ட்ட வாங்கி வரி வரியா வெரல வெச்சு படிச்சாங்க, ரெண்டாவது பக்கத்துல ஒரு எடத்துல வெரல் நின்னுடுச்சு. "கொழந்த குப்புற படுத்திருக்கறதால முகம் சரியா தெரியல, திரும்ப பாக்கணும்னு போட்டிருக்கேம்மா, உன்கிட்ட சொல்லலியா?"ன்னு கேட்டாங்க. சொல்லவே இல்ல. அந்த சிஸ்டர் மட்டும் சும்மா சீல் குத்தி அனுப்பியிருந்தா பாப்பா பொறந்த அன்னிக்குத்தான் எங்களுக்கு தெரிஞ்சிருக்கும். அதனால தயவு செஞ்சு உங்க ரிப்போர்ட்ட யாரையாவது விட்டு முழுசா படிக்க சொல்லுங்க, "சரியா தெரியல"ன்னு எங்கயாவது போட்டிருந்தா அது நார்மல்னு அர்த்தம் இல்ல.

சிஸ்டர்தான் இந்த சென்டர சொன்னாங்க. டி.எச். ரோட்லேந்து உள்ள போற சந்துல ரெண்டாவது மாடி. பத்து மணி அப்பாயின்ட்மென்ட், உள்ள கூப்பிடறப்போ பன்னண்டரை. ஆதார் ஜெராக்ஸ், அந்த ஆணா பொண்ணான்னு கேக்க மாட்டோம்ங்கற ஃபார்ம்ல கையெழுத்து, எல்லா எடத்துலயும் இருக்கற மாதிரிதான்.

டாக்டர் மேடத்துக்கு அம்பது வயசு இருக்கும். வயித்துல ஜெல் போட்டு தல, முதுகெலும்பு, ஹார்ட், கிட்னி, கை கால்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே வந்தாங்க, எனக்கு முன்னாடி ஸ்க்ரீன் இருந்துச்சு. முகத்துக்கு வந்தப்போ பாப்பா கைய மூஞ்சில வெச்சுட்டு எடுக்கவே மாட்டேன்னுட்டா. மேடம் விடல. வெளிய போய் ஒரு ஜூஸ் குடிச்சுட்டு பத்து நிமிஷம் வராண்டால நடந்துட்டு வாங்கன்னு அனுப்பினாங்க, வந்தப்புறம் எடது பக்கம் ஒருக்களிச்சு படுக்க சொன்னாங்க, அப்பவும் இல்ல, மறுபடி நடந்து மறுபடி வந்து மூணாவது தடவதான் கை எறங்குச்சு. இவ்ளோ பொறுமைய நான் எந்த ஸ்கேன்லயும் பாத்ததில்ல, வெளிய அத்தன பேரு காத்துட்டு இருக்காங்க.

ஸ்க்ரீன்ல அந்த படம் எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. முகத்த நேரா பாக்கற மாதிரி இல்ல, மூக்கு நுனியையும் உதட்டையும் மட்டும் குறுக்க வெட்டி எடுத்த மாதிரி, மேல மூக்கு ஓட்ட ரெண்டு கறுப்பு புள்ளி, அதுக்கு கீழ மேல் உதடு ஒரு வெள்ள பட்ட மாதிரி வளைஞ்சு போகணும். அந்த வெள்ள பட்டைல எடது பக்கம் ஒரு கறுப்பு கோடு, நேரா மூக்கு ஓட்ட வரைக்கும் ஏறுது. மேடம் பேசறத நிறுத்திட்டாங்க. கலர் போட்டு பாத்தாங்க. அப்புறமா சொன்னாங்க, சில சமயம் தொப்புள் கொடி உதட்டு மேல வந்து ஒக்காந்தா வெட்டு மாதிரியே தெரியும், கலர் போட்டா கொடில ரத்தம் ஓடறது தெரிஞ்சிடும், அதுக்குத்தான் பாத்தேன்னு. கொடி இல்ல. அதுக்கப்புறம் ஈறு எலும்ப பாத்தாங்க, பல்லு மொளைக்கற அந்த வளைவு, அதுலயும் எடது பக்கம் ஒரு பிரிவு.

இதுக்கப்புறம் அவங்க செஞ்சதுக்குத்தான் நான் ஸ்டார் போடறேன். மொதல்ல ஜெல்ல துடைச்சு விட்டு என்னை எழுந்து ஒக்கார வெச்சாங்க. படுத்துட்டு இருக்கறவங்ககிட்ட இத சொல்லக்கூடாதும்மான்னாங்க. அவர உள்ள கூப்பிட சொல்லி பக்கத்துல ஸ்டூல் போட்டாங்க. அப்புறம், "பாப்பாவோட மேல் உதட்டுல எடது பக்கம் ஒரு பிளவு இருக்கு. இது ஆபரேஷன் பண்ணி சரி பண்ற விஷயம். இப்போ நான் பாத்த வரைக்கும் மூளை, ஹார்ட், முதுகு, கை கால்ல எதுவும் தெரியல"ன்னு மூணு வாக்கியம்தான், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாம சும்மா ஒக்காந்திருந்தாங்க. நான் அழுது முடிக்கற வரைக்கும் ஒக்காந்திருந்தாங்க. பயப்படாதீங்கன்னுகூட சொல்லல. அப்புறம்தான் பேடுல படம் வரைஞ்சு காமிச்சாங்க, மூக்கு, உதடு, ஈறு, அதுக்கு பின்னாடி அண்ணம்.

அண்ணம் பத்தி அவர் கேட்டாரு, உள்ளயும் பிளந்திருக்குமான்னு. மேடம் சொன்ன பதில் எனக்கு ரொம்ப புடிச்சுது. ஈறு வரைக்கும் பிரிஞ்சிருக்கறதால அண்ணத்துலயும் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா சுத்தி எலும்பு இருக்கறதால நிழல் அடிச்சு அண்ணம் ஸ்கேன்ல தெளிவா தெரியாது, உதடு நல்லா இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தா பெரும்பாலும் ஸ்கேன்ல தெரியவே தெரியாது, பொறந்தப்புறம் வாய்க்குள்ள வெரல் விட்டு டார்ச் அடிச்சு பாத்தாதான் உறுதி, அதனால இருக்குன்னு நெனச்சே தயாராகுங்கன்னாங்க. தெரிஞ்சத தெரியும்னும் தெரியாதத தெரியாதுன்னும் பிரிச்சு சொன்னாங்க. பொறந்தப்புறம் பாத்தா அண்ணமும் பிளந்துதான் இருந்துச்சு, எங்களுக்கு அன்னிக்கு அதிர்ச்சியே இல்ல.

3டி படம் எடுத்திருந்தாங்க, ஆனா அவங்களா நீட்டல. பாக்கணுமா, வேணாமா, வீட்டுக்கு போய் பாக்கறீங்களான்னு கேட்டாங்க. நான் அங்கயே பாத்தேன். மூக்கு அவங்க அப்பா மூக்கு. அவருதான் அன்னிக்கு பாக்க முடியாம ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு, ரெண்டு நாள் கழிச்சு ராத்திரில போன்ல பாத்தாரு.

நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டேன், எல்லா அம்மாவும் கேக்கற கேள்விதான் போல. ஃபிட்ஸ் மாத்திர சாப்பிட்டீங்களா, சுகர் இருந்துச்சா, வீட்ல யாருக்காவது இது இருந்துச்சா, சிகரெட் பழக்கம் உண்டான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க, எதுவும் இல்ல. உலகத்துல சுமார் 700 கொழந்தைல ஒண்ணுக்கு இது வருது, கொஞ்சம் ஜீன்ல கொஞ்சம் வெளில இருந்துன்னு பல காரணம் சேந்து வரது, ஒருத்தர புடிச்சு உன்னாலதான்னு சொல்ல முடியாதும்மான்னாங்க.

வீட்ல சொன்னப்போ எங்க அத்தை மொதல்ல கேட்டது கிரகணத்த பத்தி. அந்த வருஷம் அக்டோபர் 28 ராத்திரி சந்திர கிரகணம், என்னை சாயங்காலத்துலேந்தே உள்ள வெச்சு கதவ சாத்திட்டாங்க, கத்தி தொட விடல. ஆனா எங்க வீடு லைன் வீடு, பாத்ரூம் வெளில, ஒன்றரை மணிக்கு நான் எழுந்து போனேன், அத அத்தை பாத்துட்டாங்க. "நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா, இது கிரகண மூளிம்மா"ன்னு ஒக்காந்து அழறாங்க, அவங்கமேல எனக்கு கோவமே வரல, பேத்திக்காக அழறாங்க. ஆனா அந்த பழி என் தலைலயே நின்னுடுமோன்னு பயம் இருந்துச்சு. அடுத்த வாரம் ரிப்போர்ட்ல ஒரு சந்தேகம் கேக்க இங்க போனப்போ அத்தையையும் இட்டுனு போனேன். மேடம் காலண்டர எடுத்து அத்தை கைலயே குடுத்து எண்ண வெச்சாங்க. உதடு சேர்றது கர்ப்பத்தோட நாலாவது வாரத்துலேந்து ஏழாவது வாரத்துக்குள்ள, அண்ணம் சேர்றது ஆறுலேந்து ஒம்பதுக்குள்ள. என் கணக்குக்கு உதடு சேர வேண்டிய நேரம் ஜூலை கடைசி, ஆகஸ்ட் மொத பாதி. "பாருங்கம்மா, உதடு சேராம போனது ஆடி மாசத்துல, கிரகணம் வந்தது ஐப்பசில. முடிஞ்சு போன விஷயத்த கிரகணம் வந்து என்ன பண்ணும்?"னாங்க. அத்தை கொஞ்ச நேரம் காலண்டரயே பாத்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் வீட்ல கிரகணம்னு பேச்சே எடுக்கல, பக்கத்து வீட்டு அக்கா எடுத்தப்போகூட "ஆடிலயே ஆயிட்சுமா அது"ன்னு அவங்களே சொன்னாங்க.

கலைச்சுடலாம்னு சொன்ன சொந்தமும் இருக்கு. 24 வாரம் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது சீக்கிரம் முடிவு பண்ணுங்கன்னு தெனமும் போன். மேடம்கிட்ட நேராவே கேட்டேன். சட்டம் 2021ல மாறினது, 24 வாரம்ங்கற கணக்கு எதுக்கு, அதுக்கு மேல போனா மெடிக்கல் போர்டுன்னு ஒண்ணு இருக்குன்னு எல்லாம் சொன்னாங்க, மறைக்கல. முடிவு உங்களோடது, அவசரப்படுத்தற யார் பேச்சையும் கேக்காதீங்க, ஆனா முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஆபரேஷன் பண்ணின ஒரு கொழந்தைய நேர்ல பாருங்கன்னாங்க. ஹார்ட்டுக்கு தனியா எக்கோ பாக்க எழுதி குடுத்தாங்க. மத்த உறுப்பெல்லாம் நல்லா இருந்தா குரோமோசோம் பிரச்சன இருக்க வாய்ப்பு கம்மி, ஆனா ஸ்கேன் அத இல்லவே இல்லன்னு சொல்லாது, பனிக்குட தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணினாதான் தெரியும்னு சொன்னாங்க. நாங்க தண்ணி டெஸ்ட் எடுக்கல, அது எங்க முடிவு. எக்கோவுக்கு போக வேண்டியது டிசம்பர் 5, ஆனா மிக்ஜாம் புயல் வந்து எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்ல, போன் சார்ஜ் இல்ல, மூணு நாள் மாடி வீட்ல இருந்தோம். அந்த மூணு நாளும் ஹார்ட்ல என்ன இருக்குமோன்னு நெனச்சே போச்சு. தண்ணி வடிஞ்ச அடுத்த வாரம் போனோம், ஹார்ட் நல்லா இருந்துச்சு. அதே வாரம் ஸ்மைல் ட்ரெய்ன் அமைப்போட சேந்து இலவசமா ஆபரேஷன் பண்ற ஒரு ஆஸ்பத்திரிக்கும் போனோம், அங்க வராண்டால ஒரு ரெண்டு வயசு பையன் பலூன தொரத்திட்டு ஓடறான், உதட்டுக்கு மேல மெலிசா ஒரு கோடு, அவ்ளோதான். அவர் அவனையே பாத்துட்டு நின்னாரு.

இப்போ ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னா, ரிப்போர்ட் வாங்க ரிசப்ஷன்ல நிக்கறப்போ அங்க இருந்த பொண்ணு ஹால் முழுக்க கேக்கற மாதிரி "அந்த க்ளெஃப்ட் கேஸ் யாரு?"ன்னு கூப்பிட்டுச்சு, க்ளெஃப்ட்னா பிளவு. இருவது பேரு திரும்பி பாத்தாங்க, எல்லாரும் வயித்துப் புள்ளக்காரிங்க. உள்ள அரை மணி நேரம் மேடம் அத்தன பக்குவமா சொன்னத வெளிய ஒரு வார்த்தைல கீழ போட்டுட்டாங்க. என் பாப்பா கேஸ் இல்ல. இத நான் அன்னிக்கு சொல்லல, தெம்பு இல்ல, அத்தையோட போனப்போ மேடம்கிட்ட சொன்னேன், அவங்க எழுந்து வந்து அந்த பொண்ணு முன்னாடியே என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்க. அதுலேந்து டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடறாங்க, எட்டாம் மாசம் வளர்ச்சி ஸ்கேனுக்கு போனப்போ பாத்தேன். ஆனாலும் அந்த ஸ்டார நான் திருப்பி குடுக்கல, மத்த சென்டர்காரங்களும் இத படிக்கணும்.

முன்னாடியே தெரிஞ்சதால என்ன லாபம், எப்படியும் பொறந்தப்புறம்தான ஆபரேஷன்னு நெறைய பேரு கேட்டாங்க. லாபம் பால்ல இருக்கு. உதடு மட்டும் பிளந்த கொழந்த பெரும்பாலும் நேரா மாருலயே குடிச்சிடும், அண்ணம் பிளந்திருந்தா உறிஞ்சவே முடியாது, காத்து மூக்கு வழியா போயிடும், குடிக்கற மாதிரி வாய் மட்டும் அசையும், வயித்துக்குள்ள ஒண்ணும் போகாது. இது தெரியாம ரெண்டு மூணு நாள் கொழந்த அழுதுட்டே எடை கொறைஞ்சு போன கதைய அந்த ஆஸ்பத்திரிலயே ஒரு அம்மா சொன்னாங்க. நாங்க ஏழாம் மாசமே போய் அங்க சிஸ்டர்கிட்ட பொம்மைய வெச்சு கத்துக்கிட்டோம். அமுக்கி குடுக்கற மாதிரி தனி பாட்டில் இருக்கு, வெல கட்டுப்படியாகல, கொழந்தைக்கு பால் ஊத்தற மூக்கு வெச்ச கிண்ணம், நம்ம பாலாடையே போதும்னு சிஸ்டர் சொன்னாங்க. அத்தை வீட்ல அவரு குடிச்ச வெள்ளிப் பாலாடை பரண்ல இருந்துச்சு, புளி போட்டு தேய்ச்சு கொதிக்க வெச்சு டெலிவரிக்கு முன்னாடியே துணியில சுத்தி வெச்சுட்டாங்க.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.ல டெலிவரி, 2024 மார்ச் கடைசி, 2 கிலோ 700. பாப்பாவ ஒக்கார வெச்ச மாதிரி நிமித்தி புடிச்சுக்கணும், பாலாடை மூக்க கீழ் உதட்டுல வெச்சு பிளவு இல்லாத பக்கமா கொஞ்சம் கொஞ்சமா சாய்க்கணும், முழுங்கற வரைக்கும் நிறுத்தணும், அடிக்கடி தோள்ல போட்டு ஏப்பம் எடுக்கணும், ஏன்னா காத்தயும் சேத்து முழுங்குவா. மூக்கு வழியா பால் வரும், பயந்துடக்கூடாது, துடைச்சுட்டு திரும்ப ஆரம்பிக்கணும். அரை மணி நேரத்துக்கு மேல இழுத்தா பாப்பாவே களைச்சு போயிடுவா. மொத நாள் என் கை நடுங்கிடுச்சு, அத்தைதான் குடுத்தாங்க, "இன்னாடி ராஜாத்தி, பாட்டிய பாரு"ன்னு பேசிட்டே ஒரு சொட்டு சிந்தாம குடுத்தாங்க. ஆபரேஷனுக்கு பத்து வாரம் வயசு, பத்து பவுண்டு எடை அதாவது நாலரை கிலோ, ஹீமோகுளோபின் பத்துன்னு ஒரு பழைய கணக்கு சொல்றாங்க, அந்த எடைய ஏத்தினது அந்த பாலாடைதான்.

உதடு ஆபரேஷன் ஆகஸ்ட்ல, அண்ணம் ஒரு வயசுல. ரெண்டுக்கும் ஒரு ரூபா வாங்கல. காதுல நீர் கோத்துக்கறது இந்த கொழந்தைங்களுக்கு சகஜம்னு காதும் டெஸ்ட் பண்றாங்க. இன்னும் ஈறுல எலும்பு வெக்கற ஆபரேஷன் ஏழு எட்டு வயசுக்கு மேல இருக்கு, பல்லுக்கு கம்பி இருக்கு, பேச்சு பயிற்சி இப்போ நடக்குது. பேச்சு பயிற்சி மேடம் ஒண்ணு சொன்னாங்க, மகரம் மூக்கால வர்ற எழுத்து, அதனால அண்ணம் பிளந்திருந்தாலும் அம்மான்னு சொல்லிடுவா, பகரத்துக்கு வாய்க்குள்ள காத்த அடைச்சு வெடிக்கணும், அண்ணம் மூடினாதான் வரும்னு. அப்படியே நடந்துச்சு. அம்மா பத்து மாசத்துலயே வந்துடுச்சு. அவர கூப்பிடறப்போ எல்லாம் "அம்மா"தான், அவரும் அதுக்கே ஓடி வருவாரு. அண்ணம் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டரை மாசம் கழிச்சு ஒரு நாள் அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து செருப்ப கழட்டறாரு, பாப்பா வாசப்படிலேந்து "அப்..பா"ன்னா. நடுவுல ஒரு சின்ன நிறுத்தம், உதட்ட நல்லா மூடி, அப்புறம் தொறந்து.

அடுத்த கொழந்தைக்கு வர்றதுக்கு நூத்துக்கு மூணு நாலு பேருக்கு வாய்ப்பு இருக்குன்னு சொன்னாங்க, கருத்தரிக்கறதுக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிக்க சொல்லியிருக்காங்க, ஸ்கேனுக்கு இங்கதான் வருவேன்.

போறவங்களுக்கு, லிஃப்ட் சின்னது, மழை பேஞ்சா சந்துல தண்ணி நிக்கும், வண்டி நிறுத்த எடமே இல்ல, ஆட்டோல வந்துடுங்க. எனக்கு 2,500 வாங்கினாங்க, மூணு தடவ படுக்க வெச்சதுக்கு தனியா கேக்கல. ரெண்டு மணி நேரம் எப்படியும் ஆகும், சாப்பிட்டு வாங்க. பழைய ரிப்போர்ட்ட கண்டிப்பா எடுத்துட்டு போங்க, உள்ள போனதும் மேடம் மொதல்ல அதத்தான் கேப்பாங்க, ரெண்டு பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் ஜெல்ல எடுப்பாங்க.